ஏரியின் பிறந்த வீடு

சொசெகெரேயின் ஏரி எழுந்து போன வியாழக்கிழமை காலை ஆனேக்கல் பஸ் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஏரி ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததாகக் கண்டக்டர் காரணம் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முதலில் சேறும் நத்தைகளும் போயின, பிறகு நடுவிலிருந்த ஆழமான தண்ணீர், கடைசியில் ஆகாயத்தாமரை. பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்தான். ஏரி அவனுக்காக வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அன்று அரை நாள் சம்பளம் போயிற்று. தனக்கோடி மதகுக்குக் கீழே தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். ஏரி அவள் வாசலை ஒட்டித்தான் போயிற்று. அவள் பக்கம் திரும்பவில்லை.

அது நடந்து போனதில் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வந்ததும் நடந்துதான். இன்று பெரிய தெரு என்று சொல்லப்படும் குடும்பங்கள் இந்தப் பள்ளத்துக்கு முதலில் வந்தபோது நல்ல மண் இருந்தது, தண்ணீர் இல்லை. தெற்கே ஒரு மலைச்சரிவில் நிலமில்லாத குடும்பம் ஒன்று, உள்ளங்கை அகல ஊற்றை வளர்த்து ஏரியாக ஆளாக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தாம்பூலத் தட்டோடு போய்ப் பெண் கேட்டார்கள். பெண் வீட்டாருக்கு வந்தவர்களின் தலைப்பாகை பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டார்கள். ஏரி மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் நடந்து வந்தது. வழியில் இரண்டு இடத்தில் களைத்து உட்கார்ந்தது. இரண்டும் இப்போது பஸ் நிறுத்தங்கள், தூறல் போட்டாலே முழங்கால் தண்ணீர் நிற்கும். பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பிறந்த வீட்டாரும் கூடவே வந்தார்கள். பள்ளத்தில் இறங்குவதற்கு முன் ஏரி அவர்களிடம் கேட்டது, நான் யார் சொல்லுக்கு இருப்பது என்று. புகுந்த வீட்டார் ஆயிரம் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே, எங்கள் வாயால் நீ இல்லை என்று வரும்வரை இங்கே இரு என்றார்கள். ஏரி இறங்கிப் படுத்தது. கன்னடத்தில் சொசெ என்றால் மருமகள், கெரே என்றால் ஏரி. ஊருக்குப் பெயர் அப்படி வந்தது.

கல்யாணம் முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மதகுக்குக் கீழே இடம் காட்டினார்கள். மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடும் வேலையையும் கொடுத்தார்கள். அந்த வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் நீர்கண்டி என்று பெயர். கல் படிகள் கட்டிய மேல் படித்துறையில் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சம்பந்தி என்று கூப்பிட்டார்கள். தொடவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நீர்கண்டி வீட்டிலிருந்து ஏரிக்குப் புடவை, வளையல், மஞ்சள் போகும். அவர்கள் சீரைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். பெரிய தெருக்காரர் ஒருவர் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்து எடுத்துப் போவார். தெளிப்பது ஏரித் தண்ணீர்தான். அவள் எங்கள் வீட்டுப் பெண்தானே என்று எந்தத் தலைமுறையிலோ ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாணமாகி வந்தபின் அவள் எங்கள் ஜாதி என்று பதில் வந்தது.

தனக்கோடி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வருஷம் ஆடி பிறந்த மறுநாள் காலையில் மாமியார், தாய்வீட்டுக்குப் புறப்பட இருந்த அவளைத் தட்டி எழுப்பி, "உன் நாத்தனார் வந்துகீறா, எழுந்து வாசல் தெளி" என்றாள். எழுந்து பார்த்தாள். ஏரிப்படுகை வெறும் சேறாகக் கிடந்தது. தண்ணீர் முழுவதும் மதகு வழியாக இறங்கி வந்து, வீட்டு முற்றத்தில் ஒரு பாய் அகலத்துக்குச் சுருண்டு படுத்திருந்தது. ஆழம் மட்டும் குறையவில்லை. அதனால் பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள். கல்யாணமான பெண் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அந்த நாட்களில் பெரிய தெருக்காரர்கள் குடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்று, "எப்பம்மா வூட்டுக்கு வர்றே" என்று ஏரியைக் கேட்பார்கள். நீர்கண்டி வீட்டார் மொண்டு ஊற்றினால் வாங்கமாட்டார்கள். ஏரி தானே எழுந்து வந்து குடத்துக்குள் புகுந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

பிறந்த வீட்டுப் பேச்சு எப்போதும் மதகு வாயில்தான் நடக்கும். தண்ணீர் திறக்கப்போகிறோம், அடைக்கப்போகிறோம், வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, மகன் நாகேஷுக்குப் பெண் பார்த்திருக்கிறோம், எதுவானாலும் அங்கே குனிந்து சொல்வார்கள். மேல் படித்துறையிலிருந்து வருவது புகுந்த வீட்டுப் பேச்சு. அது பெரும்பாலும் குறை. தண்ணீர் கலங்கல், தண்ணீர் உப்பு, பக்கத்து ஊர் ஏரி எவ்வளவோ தேவலை. ஏரி அந்தப் பக்கத்துக் காதை என்றோ மூடிக்கொண்டுவிட்டது என்று நீர்கண்டி வீட்டில் பேசிக்கொள்வார்கள். மாமியாரும் புருஷனும் போனபின் மதகு வாயில் குனிவது தனக்கோடியின் வேலையாயிற்று. ஏரியை அவள் அண்ணி என்று கூப்பிட்டாள். கூப்பிட்டால் மதகுக் கல்லில் ஒரு அலை வந்து தட்டும். அதற்கு மேல் அண்ணி பேசியதில்லை.

பிறகு பெங்களூரு அந்தப் பக்கமாக வரத் தொடங்கியது. முதலில் ராகி வயல்களில் வெள்ளைக் கற்கள் நட்டார்கள். பிறகு கற்களுக்கு நடுவே ரோடு போட்டார்கள். பயிர் இல்லாததால் மதகைத் திறக்க வேலை இல்லை. நாகேஷ் தண்ணீர் லாரி ஓட்டப் போனான். அவன் தங்கை வீணாவை நகரத்துக்குள்ளே நீலசந்திராவில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே ஒரே அறையில் ஆறு பேர். பெரிய தெருவில் மாடிமேல் மாடியாக எழும்பிற்று. கரையை உடைத்து உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொண்டார்கள். எல்லாச் சாக்கடையையும் ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி நுரைத்தது, கறுத்தது, ஒருமுறை தீப்பிடித்தும் எரிந்தது. போகவில்லை. ஆடிக்கு ஆடி வந்து முற்றத்தில் படுத்தது. நாற்றம் தாங்காமல் தனக்கோடி அதன் மேல் வேப்பிலையைப் பரப்பி வைப்பாள். "எங்கூடவே இருந்துடு அண்ணி, அங்க போவாத" என்று சொல்லிப் பார்த்தாள். ஆடி முடிந்ததும் அது எழுந்து புகுந்த வீட்டுக்குப் போயிற்று.

நகரத்தில் வெள்ளம் வந்து கார்கள் மிதந்த வருஷத்தில், ஏரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏரி நிலத்தில் இருக்கும் வீடுகளை இடிப்பார்கள் என்று பேச்சு. ஒரு நாள் ஆட்கள் வந்து சிவப்புப் பெயின்டால் சுவர்களில் குறி போட்டார்கள். மதகுக்குக் கீழே இருந்த தெரு முழுவதும் குறி விழுந்தது. தனக்கோடியின் சுவரில் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. ஏரிக்குள் தூண் இறக்கிக் கட்டியிருந்த பெரிய தெரு வீடுகளில் பெயின்ட் ஒட்டவில்லை. பூசியவர்கள் இரண்டு முறை பூசிப் பார்த்ததாகவும், சுவர் பெயின்டை ஏற்கவில்லை என்றும் சொன்னார்கள். ஏரியைப் பெற்று வளர்த்த வீட்டை ஏரிக்காக இடிக்கப்போகிறார்கள் என்று நாகேஷ் தெருவில் நின்று சிரித்தான். அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மறுவாரம் பெரிய தெரு பிள்ளப்பா வந்தார். புகுந்த வீட்டுக்குத் தலைக்கட்டு அவர்தான். கூட ரகுராம் என்று ஒருவர், அங்கே அடுக்குமாடி கட்ட வந்த கம்பெனியின் வக்கீல், சுத்தமான தமிழ். வாசலில் தனக்கோடியும் மருமகள் மமதாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"தனக்கோடி, ஜேசிபி வந்தா மொதல்ல யார் வூடு போவும், சொல்லு" என்றார் பிள்ளப்பா.

"எங்க வூடுதான் கௌடரே. உங்க வூடு ஏரிக்குள்ளயே கீது, அது போவாதா?"

"எனக்குப் பட்டா கீதும்மா."

"எங்களுக்கு ஏரியே கீது."

பிள்ளப்பா சிரித்தார். பல்லிடுக்கில் பாக்கு இருந்தது. "அதான் வந்தோம். ஏரி இருந்தா உனக்கு வூடு இல்ல. ஏரி இல்லன்னா உனக்கு வூடு. மேல, பெரிய தெருப் பக்கம், டைல்ஸ் போட்ட வூடு. வூட்டுக்குள்ளயே கொழாய். புதன்கிழமை ஆபீசர் சாயேபரு விசாரிக்க வர்றார். ஊர் பூரா ஒரே பேச்சு பேசப்போவுது. நீயும் சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"ஊரே சொல்லும்போது எம் பேச்சு எதுக்கு?"

அதற்கு ரகுராம் பதில் சொன்னார். "நீர்கண்டி இருக்கிற ஊர்ல ஏரி இல்லைன்னு எழுத முடியாதும்மா. நீங்க சொன்னாத்தான் முடியும். பொய் சொல்லச் சொல்லலை. ஏரின்னா சட்டத்துல ஒரு அர்த்தம் இருக்கு. இது அந்த அர்த்தத்துல ஏரி இல்லை, மழை பெஞ்சா தண்ணி நிக்கிற பள்ளம். அவ்வளவுதான்."

"மீனுங்க கிட்டயும் அத ஒரு வாட்டி சொல்லிடுங்க சார்" என்றாள் மமதா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுங்க ஏரின்னு நெனச்சிக்கினு கீதுங்க."

அவர்கள் போனபின் அன்று அடுப்பு தாமதமாக எரிந்தது. சொல்லிவிடு, நாளைக்கே வீணா வீட்டில் போய் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆளாக நிற்க முடியுமா என்று நாகேஷ் கேட்டான். தனக்கோடிக்கு வழக்கம் தெரியும். எங்கள் வாயால் நீ இல்லை என்று வரும்வரை என்பது அவள் மாமியார் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனது. ஆனால் வெளியாருக்குச் சொல்லும் வார்த்தை வேறு, வீட்டுக்குள் இருக்கும் வார்த்தை வேறு. வயிற்றுப் பெண்ணைக்கூட அடுத்தவர் கண் படாமலிருக்க இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. முன்கூட்டியே அண்ணியிடம் சொல்லிவைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். அதில் தவறு இல்லை. மாமியாரும் அதைத்தான் செய்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை பிள்ளப்பா ஆள் அனுப்பினார். மேல் படித்துறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் அவளை உட்காரச் சொன்னார்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார்கள். பெரிய தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்று, மமதா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார்கள். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் பேசவில்லை. காபி முடிந்ததும் பிள்ளப்பா படிகளைக் காட்டி, "எறங்கிப் பாரேன், உங்க பொண்ணு தான" என்றார். தனக்கோடி இறங்கினாள். படிகள் அவள் நினைத்திருந்ததைவிட அகலம், தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அவள் வீட்டில் பிறந்தவர்களோ வாழ்க்கைப்பட்டவர்களோ ஒருவரும் நின்றிராத இடம். அங்கேயிருந்து பார்த்தால் மதகும் அவள் கூரையும் மிகச் சின்னதாகத் தெரிந்தன. கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். வந்த காரியத்தை அங்கேயே முடித்துவிடலாம் என்று தோன்றிற்று. "அண்ணி, நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லுவேன். அது மேலுக்குத்தான். மனசுல வெச்சிக்காத" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்தது. அலை ஒன்றும் வந்து தட்டவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

விசாரணை நாளன்று அதிகாரி பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்தார். கரையெல்லாம் ஈரம். பெரிய தெருக்காரர்கள் வரிசையாக நின்று இங்கே ஏரி என்றைக்கும் இருந்ததில்லை என்றார்கள். அப்படியானால் இது என்ன என்று அவர் கேட்டார். நேற்றைய மழை என்றார்கள். மழையில் கெளுத்தி எப்படி வந்தது என்று கேட்டார். மழை பலமாகப் பெய்தது என்றார்கள். ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்றதற்கு, யாரோ ஒரு மருமகள் கெட்டிக்காரியாக இருந்திருப்பாள் என்றார்கள். ஏரி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அசையாமல் கிடந்தது. புகுந்த வீட்டுப் பேச்சு அதற்குப் புதிதல்ல. அதிகாரி கரையோடு நடந்து மதகுக்கு வந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். நீர்கண்டி யார் என்று கேட்டார். தனக்கோடியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவள் நின்றது எப்போதும் நிற்கும் இடம், மதகு வாய்.

"உனக்கு எத்தனை வருஷமாம்மா இந்த ஊர்?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சாமி."

"இங்க ஏரி உண்டா?"

அவள் தன் வீட்டுச் சுவரில் இருந்த சிவப்புக் குறியைப் பார்த்தாள். அங்கேயிருந்து அது நன்றாகத் தெரிந்தது. "இல்ல சாமி" என்றாள்.

"இருந்துச்சா?"

"இருந்ததே இல்ல."

சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நேற்று மனசில் வைத்துக்கொள்ளாதே என்றது மேல் படித்துறையில், அந்தப் பக்கத்துக் காதில். இன்று இல்லை என்றது மதகு வாயில். அவசரமாகக் குனிந்து, "அண்ணி" என்றாள். ரகுராம் அவள் தோளைத் தொடாமல் கையை நீட்டி, போதும்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம் என்றார். மதகுக் கல்லில் எதுவும் வந்து தட்டவில்லை. மறுநாள் காலை பஸ் தாமதமாயிற்று.

அதிகாரிக்கு வேலை சுலபமாயிற்று. ஏரி இல்லை என்று எழுதினார். உண்மையில் இல்லை. படுகையின் நடுவில் இத்தனை தலைமுறைச் சீரும் மடித்து வைத்தபடி இருந்தது. ஒரு புடவையைக்கூட அது எடுத்துப் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் அவற்றை லாரியில் அள்ளிப்போய் எங்கோ கொட்டினார்கள். அந்த இடத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழும்பின. பேசியபடி தனக்கோடிக்கு வீடு கொடுத்தார்கள். பின்பக்கம், பம்ப் அறையை ஒட்டி, வேலைக்காரர்களுக்கென்று கட்டிய வரிசையில் ஒரு வீடு. டைல்ஸ் இருந்தது. வீட்டுக்குள் குழாயும் இருந்தது. குடிபோன அன்று தனக்கோடி குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் வளைந்து கைக்குப் பக்கத்தில் விழுந்தது. கையை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். தண்ணீர் இந்தப் பக்கம் வளைந்தது. பக்கெட்டோடு தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சுவர் நனைந்தது, தரை நனைந்தது, மமதா நனைந்தாள். அன்றிலிருந்து தனக்கோடியைத் தண்ணீர் தொடவில்லை. மழையில் நடந்தால் அவளைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் அளவுக்கு மழை விலகிப் பெய்தது. குடிக்கிற தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கிற்று. எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் பெண் பிறந்த வீட்டைத் தாகத்தில் விடுவதில்லை.

ஊரில் பொய் சொன்ன மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளப்பா இரண்டு வேளையும் வெந்நீரில் குளித்தார். அவர்கள் சொல்லுக்கு ஏரி என்றைக்கும் மதிப்பு வைத்ததில்லை என்பதால் தண்டிக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் போர்வெல்கள் ஒவ்வொன்றாக வற்றின. ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புழுதிதான் வந்தது. நாகேஷுக்கு லாரி ஓட்ட நேரம் போதவில்லை. இரண்டாவது கோடையில் பெரிய தெருக்காரர்கள் கூடிப் பேசித் தனக்கோடியை வரச்சொன்னார்கள். இந்த முறை நாற்காலி இல்லை.

"உங்க பொண்ணு இப்பிடி எங்கள அம்போன்னு வுட்டுட்டுப் பூடுச்சே, இது நியாயமா?" என்றார் பிள்ளப்பா. "எங்க வூட்ல என்னா கொறை வெச்சோம்? கோச்சிக்கினு போன பொண்ண சமாதானம் பண்ணிக் கூட்டியாறது பொறந்த வூட்டு வேலை. போய்க் கூட்டியா."

"நீங்கதான கௌடரே இல்லன்னு சொல்லச் சொன்னீங்க."

"நாங்க சொல்லுவோம். நாங்க மாமியா வூடு. நீ எப்பிடிச் சொல்லலாம்?"

தனக்கோடியும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏரி இருக்கும் இடத்தை நாகேஷ் லாரிக்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்தான். அது பிறந்த மலைச்சரிவில் இப்போது தொழிற்சாலைகள். அங்கே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, இன்னும் தெற்கே, தேன்கனிக்கோட்டையைத் தாண்டிப் போயிருந்தது. தனக்கோடியும் மமதாவும் ஒரு புடவை, வளையல், மஞ்சளோடு ஓசூர் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறினார்கள். கடைசி மூன்று மைல் நடை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏரி கிடந்தது. தெளிந்திருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. அண்ணியை இந்த நிறத்தில் தனக்கோடி தன் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தாள். கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஏரி எப்போலேர்ந்து கீது?" என்று மமதா கேட்டாள்.

"முந்துன வருஷம் வந்துச்சிக்கா. பாவம், சேறும் சகதியுமா வந்து நின்னுச்சி. இங்கயே இருந்துக்கன்னு சொல்லிட்டோம்."

"யாரு என்னான்னு கேக்கலியா?"

"கேக்காம? பொறந்த வூடு எதுன்னு கேட்டோம். இல்லன்னுச்சி. இருந்ததே இல்லன்னுச்சி." அந்தப் பெண் புடவையைப் பிழிந்து உதறினாள். "நீங்க எந்த ஊரு?"

மமதா அத்தையைப் பார்த்தாள். "சும்மா, சாமி கும்பிட வந்தோம்" என்றாள் தனக்கோடி.

அந்தப் பெண் துணி மூட்டையோடு போனபின் தனக்கோடி செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கினாள். முதல் அடிக்குத் தண்ணீர் ஒரு அடி பின்வாங்கியது. அடுத்த அடிக்கு இன்னும் ஒரு அடி. காய்ந்த கூழாங்கல்லில் நடந்து ஏரியின் நடுவரைக்கும் போனாள். இரண்டு பக்கமும் தண்ணீர் அவள் தலைக்கு மேல் சுவராக நின்றது. உள்ளே மீன்கள் போய்க்கொண்டிருந்தன. குனிந்து, "அண்ணி, மனசுல வெச்சிக்காதன்னு அந்தப் பக்கம் நின்னு சொல்லிட்டேன். நம்ம எடத்துல சொல்லியிருக்கணும்" என்றாள். இன்னும் ஏதேதோ சொன்னாள். கரையில் நின்ற மமதாவுக்குக் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் வரவர அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. புடவையைக் கரையில் வைத்தார்கள். அது அங்கேயே கிடந்தது. "இன்னா சொல்லிச்சி அத்தே?" என்று மமதா பஸ்ஸில் கேட்டாள். "அது நல்லா கீது" என்றாள் தனக்கோடி. வர மறுத்துவிட்டது என்று பெரிய தெருவில் போய்ச் சொன்னாள். வளர்ப்பு சரியில்லை என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளராக அப்போது நிருபமா என்பவர் இருந்தார். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு. வழக்கமாக வரும் ஆட்கள் வரவில்லை. தனக்கோடி பம்ப் அறைப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தாள். சங்கத்துக்காரர்கள் சொன்னார்களா, அவளாக இறங்கினாளா என்பது பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அவள் இறங்கினாள், குச்சியை விட்டுக் குத்தினாள், அடைப்பு விட்டது. மேலே வந்தபோது அவள்மேல் ஒரு துளி இல்லை. நாற்றம்கூட இல்லை. நிருபமா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. பூட்ஸ், க்ளவுஸ் எதுவும் வாங்க வேண்டாம்" என்றார். சங்கத்தில் சிலர் இது சட்டப்படி கூடாது என்றார்கள். அவள் நனைவதே இல்லையே, அப்புறம் எப்படி அதில் இறங்கியதாகும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். ரகுராமிடம் யோசனை கேட்டார்கள். நனைவதற்குச் சட்டத்தில் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

இப்போது தனக்கோடிக்கு அதுதான் வேலை. நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, எதுவானாலும் அவள்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் தடவை செல்போனில் படம் எடுக்கிறார்கள், இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. தொட்டியின் மூடியைத் தூக்கி அவள் ஏணியில் கால் வைத்ததும் கீழே தண்ணீர் விலகத் தொடங்குகிறது. நான்கு சுவரோடும் ஒட்டிக்கொண்டு, அவள் முந்தானைகூடப் படாத தூரத்தில் நிற்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் பெரிய தெருவில் அவள் எதிரே வந்தால் மனிதர்கள் அப்படித்தான் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அவளுக்குப் பழக்கம்தான். நடுவில் நின்று தேய்க்க வேண்டியதைத் தேய்க்கிறாள், அள்ள வேண்டியதை அள்ளுகிறாள். பிறகு மேலே வந்து, காய்ந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்த தொட்டி எந்த பிளாக் என்று கேட்கிறாள்.